எச், என், கே, ஆர், எஃப்

அந்தத் தெருவில் லாண்டரி எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சோப்பு வாசனையும் நீராவியின் வெக்கையும் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிடும். முன்பக்கம் இஸ்திரி மேஜைகள், பின்பக்கம் துவைக்கிற மெஷின்கள், மாடியில் குடித்தனம். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, ஆஸ்பத்திரிகளின் திரை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு என்று ஊர் அழுக்கில் ஒரு பங்கு தினமும் வேனில் ஏறி இங்கே வரும். வெளுத்து, மடிந்து, நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போகும். வேனை ஓட்டுகிறவரைத் தெருவில் எல்லோரும் வேன்காரர் என்பார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் மூட்டைகளை இறக்கி ஏற்றுகிறவள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த பிறகும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓடுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்தால் கண் சொக்கும். அதற்காக அவர்கள் தங்களுக்குள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். முன்னால் போகிற வண்டியின் நம்பர் பலகையில் இருக்கிற மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை அவர் சொல்வார். அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை அவள் சொல்ல வேண்டும். நடுவில் வேறு எழுத்து எத்தனை வேண்டுமானாலும் நுழையலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. எஸ், எச், டி என்று அவர் வாய் மூடுவதற்குள் 'ஷீட்' என்பாள். எம், என், கே என்றால் 'மங்கி' என்று சொல்லி அவரையே ஒரு பார்வை பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஓட்டல் துணிகளின் லேபிளிலும் சோப்புத்தூள் மூட்டையிலும் மெஷினோடு வந்த புத்தகத்திலும் பொறுக்கியது. அவருக்கு வார்த்தை சட்டென்று வராது. எழுத்து கொடுப்பது தன் வேலை, வார்த்தை போடுவது உன் வேலை என்று சொல்லிவிட்டு, அவளுக்கு டிக்‌ஷனரி என்று பெயரும் வைத்துவிட்டார். பொண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது.

இந்த மழைக்காலத்தில் விளையாட்டு தடம் மாறிவிட்டது. மழைக்காலம் என்றாலே லாண்டரிக்குச் சனி பிடித்த மாதிரிதான். கொடியில் போட்டது காயாது, உலர்த்துகிற மெஷின் ஓய்வில்லாமல் உறுமும், வீட்டுக்குள் ஈர நெடி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வேன்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டதையோ, நம்பர் பலகை எழுத்துகளைச் சொல்வதை அடியோடு விட்டதையோ அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் நச்சரிக்க ஆரம்பித்தார். எச், என், கே, ஆர், எஃப். இந்த ஐந்தும் வருகிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும்.

எந்த வண்டியில் ஐந்து எழுத்து இருக்கிறது என்று அவள் கேட்டாள். ஏதோ வெளியூர் லாரி என்றார். அந்த லாரிதான் போயே போய்விட்டதே, அதைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும் என்றாள். உன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொள் என்று சீண்டினார். அவ்வளவு போதாதா? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

லாண்டரியில் இஸ்திரி போடுகிற பெரியவருக்கு நீராவி என்று பட்டப்பெயர். அவரும் கூட்டு சேர்ந்துகொண்டார். ஹேங்கர் என்றார். அதில் கே எங்கே இருக்கிறது, ஜி அல்லவா என்றாள் அவள். ஹாங்காங் என்றார். அது ஊர், தவிர அதில் ஆரும் எஃப்பும் கிடையாது என்றாள். ஊருக்கு ஊர் எழுத்து மாறுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அடுத்த கோட்டை எடுத்து விரித்தார். ஒரு நாள் துணி பிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் 'தேங்க்ஃபுல்' என்றாள். அவர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். எச் இருந்தது, என் இருந்தது, கே இருந்தது, எஃப்கூட இருந்தது. ஆர் இல்லை.

"ஒரு எழுத்துதானங்க. போனாப் போகுது, விடுங்க."

"ஆர் இல்லாம ஆகாது" என்றார் அவர். விளையாட்டில் தோற்றவர் குரல் மாதிரி அது இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அவர் கொடுத்த எழுத்தே அவருக்கு நிற்காது. திங்களன்று சொன்ன வரிசை வியாழனன்று மாறியிருக்கும். நேற்று கே முன்னால் வந்ததே என்று அவள் மடக்கினால் முகம் வெளுத்துப் போகும். கண் ஆஸ்பத்திரிக்குத் துணி போட்டுவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் வரிசை சரியாக இருக்கும். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க வேறு விஷயம் இருந்தது. வேன்காரருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வயதுக்கு இனிமேல் கண் டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். வேன் நின்றால் லாண்டரி நின்றுபோகும் என்பதுகூட இரண்டாவதுதான். ஸ்டியரிங் பிடிக்காமல் அந்த மனுஷன் காலையில் எழுந்து என்ன செய்வார் என்றே அவளுக்குக் கற்பனை ஓடவில்லை. கண் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டதற்கு, கழுகு தோற்றுப்போகும் என்றார். ஓட்டல் வாசல் தூணில் வேனை உரசினதற்குக்கூட அவரிடம் பதில் இருந்தது. தூணை வெளியே தள்ளிக் கட்டிவிட்டார்களாம். அவளும் அந்தத் தூணைத்தான் திட்டினாள்.

கண் ஆஸ்பத்திரி அவர்களுடைய பழைய வாடிக்கை. வழக்கமாக அவள்தான் மூட்டையை உள்ளே கொண்டுபோவாள். கொஞ்ச நாளாக, முழங்கால் வலியோடு நீ ஏன் படியேற வேண்டும் என்று அவரே தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கரிசனத்தில் அவள் உருகித்தான் போயிருந்தாள். சான்றிதழுக்கு அங்கே போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, கொட்டுகிற மழையில், ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி நின்றது. வேனைத் தெருவில் விட்டுவிட்டு அவரால் இறங்க முடியவில்லை. வேண்டாம், லாரி போகட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நர்ஸம்மா அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் திரையை அவரே மாட்டித் தருகிறார் என்று புகழ்ந்தாள். கண் பார்க்கிற அறையில் தொங்குகிற எழுத்துப் பலகையைக்கூடக் கிட்டத்தில் நின்று துணி போட்டுத் துடைத்துவிட்டுப் போகிறாராம், இந்தக் காலத்தில் யார் இவ்வளவு செய்வார்கள் என்றாள். அவள் சிரித்தபடி திரையும் கையுமாக அந்த அறைக்குள் போனாள். சுவரில் பலகை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து. ஒரு வரியின் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. எச், என், கே, ஆர், எஃப்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். கடைத்தெருவில் தெரிந்த முகத்தைப் பார்க்கிற மாதிரி, அட நீங்களா என்று மனது குதித்தது. அடுத்த நிமிஷம் அந்தக் குதிப்பு நின்றது. அந்தச் சிவப்புக் கோடு எதற்கு என்று நர்ஸம்மாவிடம் கேட்டாள். வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த வரி வரைக்கும் படித்தாக வேண்டும் என்று பதில் வந்தது.

திரையை மாட்டி முடிப்பதற்குள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தூண். நின்றுபோன நம்பர் பலகை விளையாட்டு. இருட்டுகிற நேரத்து வேலையை எல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி அவர் காலைக்கு மாற்றிக்கொண்டது. போன வாரம் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு வயதான அம்மா. இவள் போட்ட கூச்சலில்தான் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி குடையை உரசுகிற தூரத்தில் போய் நின்றது. அந்த அம்மா திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மழையில் கண்ணாடி மங்கிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். மழை என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். மனுஷன் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டுகிற மாதிரி முன்னால் சாய்ந்து ஓட்டினார். எத்தனை நாளாக இப்படி உட்காருகிறார்? தினமும் பக்கத்திலேயே இருந்தும் தான் கவனிக்கவில்லையே என்று அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் அதிகமாக இருந்தது.

மத்தியானம் ஒரு கிளப்பிலிருந்து வந்த கைக்குட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கர்ச்சீப் முடிந்தால் சாப்பிடப் போகலாமா என்று நீராவி கேட்டார். அவள் தலையாட்டினாள். கர்ச்சீப். சரி. கர்ச்சீப். கையிலிருந்த துணி அப்படியே நின்றது. தினமும் வாயில் வருகிற வார்த்தைதான், ஆனால் யார் அதை முழுசாகச் சொல்கிறார்கள்? பாதி வழியில் ஏறி அப்படியே இறங்கிப் போய்விடுகிற வார்த்தை அது. முன்பாதியையும் சேர்த்து வைத்து, மடித்த துணியின் மேலேயே விரலால் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். எச் இருந்தது. என் இருந்தது. கே, ஆர். கடைசியில் வந்து நின்றது எஃப். இத்தனை நாள் கண்ணாமூச்சி ஆடிவிட்டு, வேண்டாம் என்கிறபோது மடியில் வந்து விழுந்தது. அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. என்னம்மா என்றார் நீராவி. ஆவி அடித்துவிட்டது என்றாள்.

சொல்லலாமா வேண்டாமா என்று அன்றைக்கெல்லாம் அவள் மனது கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் நாளைக்குப் படித்துவிடுவார், சான்றிதழ் கிடைக்கும், அந்தக் கண்ணோடு வண்டி ஓட்டுவார். சொல்லாவிட்டால் எழுத்து குழம்பி, அத்தனை பேர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பார். இரண்டையும் அவளால் தாங்க முடியாது. ஊருக்கு வேண்டுமானால் அவர் வெறும் வேன்காரர். அவளுக்கு அவர் உயிர்.

சாயங்காலம் உலர்த்தும் மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்து இரண்டு பேரும் மடிக்க ஆரம்பித்தார்கள். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்து உதறி, எட்டு வைத்து நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்காகச் செய்த வேலை, கண்ணை மூடிக்கொண்டும் செய்வார்கள். அவர் இந்த வேலையில் தடுமாறாததற்கு அதுதான் காரணம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"உங்க வார்த்தை கெடச்சிருச்சுங்க" என்றாள்.

அவர் துணியை இழுத்தபடியே நின்றார். "என்ன?"

"ஹேண்ட்கர்ச்சீஃப்."

உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது. "அட, கர்ச்சீப்பா. இதைத்தான மலை மலையா அடுக்கிட்டு இருக்கோம். டிக்‌ஷனரின்னா டிக்‌ஷனரிதான்" என்று சொல்லிக்கொண்டே நெருங்கி வந்து முனையை நீட்டினார். அவள் முனையோடு சேர்த்து அவர் விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு மேல் வரி தெரியுதாங்க? இல்ல அதுக்கும் வார்த்தை கண்டுபிடிக்கணுமா?"

அவர் கையை விட்டுவிட்டார். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"எப்பப் பாத்த?"

"காலைல. மூட்டை எடுத்துட்டுப் போனேன்ல."

அவர் அழுக்கு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா?"

"மொதல்ல இடது கண்ணுதான். தொடைக்காத கண்ணாடி வழியாப் பாக்கற மாதிரி இருந்துச்சு. சரி, ஒண்ணு இருக்கேன்னு ஓட்டிட்டேன். அப்புறம் இதுவும் அப்படியே ஆயிருச்சு."

"எங்கிட்டகூட சொல்லலையே."

"சொன்னா டாக்டர்கிட்டப் போம்ப. போனா வண்டிய நிறுத்துவாங்க." உட்கார்ந்திருந்த மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினார். "எங்க அண்ணனுக்கு அதான ஆச்சு. எவ்வளவு பெரிய பஸ் ஓட்டுன மனுஷன். கண்ணு சரியில்லன்னு எறக்கிவிட்டாங்க. வீட்ல ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி போட்டாங்க. அன்னிலேருந்து யாரும் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. செவுத்துக்கு என்ன கலர் அடிக்கலாம், பேரனை எந்த ஸ்கூல்ல சேக்கலாம், எதுவும் கேக்கறதில்ல. டீ குடுக்கறாங்க. குடிச்சிட்டீங்களான்னு கேக்கறாங்க. அவ்வளவுதான். எனக்குக் கண்ணு போறதுகூடப் பெருசா தெரியல. அந்த நாற்காலிதான் பயமா இருக்கு."

சும்மா இருக்கிற வாயா அவளுடையது?

"நம்ம வீட்ல நாற்காலி எங்கங்க இருக்கு? இருக்கற ரெண்டு மேலயும் மூட்டை கெடக்கு. உக்காரணும்னு நெனச்சாலும் எடம் கெடைக்காது உங்களுக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"நாளைக்குப் போங்க" என்றாள். "அந்த வார்த்தைய மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். நாளைக்கும் ஒங்க பக்கத்து சீட்லதான் உக்காருவேன். எங்க கொண்டுபோய் இடிச்சாலும் சரி, சேந்தே போவோம். அது நமக்குள்ள. ஆனா அன்னிக்குக் குடையப் புடிச்சுக்கிட்டு ஒரு அம்மா குறுக்க வந்தாங்களே. அவங்ககிட்ட யாருங்க கேக்கறது?"

அவர் குனிந்து தரையில் கிடந்த விரிப்பைக் கையால் தடவிச் சுருட்டினார். "இதத் திரும்பத் துவைக்கணும்" என்றார்.

மறுநாள் காலை அவர் ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை. தடுக்காததற்காக வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டாள். வேன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வண்டி நின்ற பிறகுதான் அவள் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்.

கண் டாக்டர் அம்மா சின்ன வயசு. அவருடைய கோட்டுப் பையில் பேனா மை ஒழுகாத வாரம் கிடையாது. அந்தக் கறையோடு மல்லுக்கட்டியே அவளுக்கு அவர்மேல் ஒரு உரிமை வந்திருந்தது. டாக்டர் இருவரையும் வரவேற்று, வேன்காரரைத் தரையில் போட்டிருந்த கோட்டில் நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பலகையைப் படிக்கச் சொன்னார். வேன்காரர் மேலே இருந்த பெரிய எழுத்தைப் படித்தார். அடுத்த இரண்டு வரிகளைத் தட்டுத் தடுமாறிக் கடந்தார், பாதி சரி, பாதி தப்பு. சிவப்புக் கோட்டு வரி வந்தது.

"எச்" என்றார். குரல் கணீரென்று இருந்தது. "என்."

அங்கே நின்றார். நேற்று தான் மாட்டிய திரையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அடுத்தது கே என்று அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிடு என்று ஒரு மனது கெஞ்சியது, சொல்லாதே என்று இன்னொரு மனது கெஞ்சியது. இரண்டுமே அவரிடம்தான்.

கண்ணை மூடியிருந்த கையை அவர் கீழே இறக்கினார்.

"மிச்சத்தையும் சொல்லிருவேன் டாக்டர். ஆனா அது எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சுக் குடுத்தது. எனக்குத் தெரியறது அந்த மேல இருக்கற பெரிய எழுத்தோட சரி."

டாக்டருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு அவரை உட்கார வைத்து விளக்கடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். இரண்டிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார். ஒன்று மாற்றி ஒன்று ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும், அப்புறம் வந்து பலகையை மரியாதையாகப் படித்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போகலாம், அதுவரை வண்டிச் சாவியைத் தொடக்கூடக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

"இவ பேசிக்கிட்டே வருவா டாக்டர். சிக்னல்ல சிவப்பு விழுந்துருச்சு, அந்தச் சைக்கிள்காரன் போற அழகப் பாரு, ஸ்கூல் விட்டாச்சு, பிள்ளைங்க வருதுன்னு. ஒரு நிமிஷம் வாய் மூட மாட்டா. அதக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டுனேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்குப் பேர் ஓட்டறது இல்ல. யாராவது செத்திருப்பாங்க" என்றார்.

"தெரியும்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. தொணதொணவென்று பேசுகிறவள் என்று ஊரே கேலி செய்த வாய் அது. அதை ஒருத்தர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அங்கேயே அவரை நாலு சாத்து சாத்தவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. டாக்டர் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. ஆபரேஷனுக்கு என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வேனை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். மழை விட்டிருந்தது. ஜன்னல் ஓரமாக அவள், பக்கத்தில் அவர். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வேனை எடுத்து வரவும், நாளையிலிருந்து ஓட்டவும் ஆள் வேண்டும், யாரைப் போடலாம் என்று அவள் கேட்டாள். அவரைத் தேற்றுவதற்காகக் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் யோசித்து, ரொட்டிக் கடை டிரைவர் நிதானமானவன், ஆனால் கியர் போடத் தெரியாது, பால் வண்டிக்காரன்தான் சரி, அவனிடம் தானே பேசுவதாகச் சொன்னார். சரி என்றாள். அப்புறம் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. மகளுக்கு எப்படிச் சொல்வது, நீராவிக்கு எப்படிச் சொல்வது, அந்தக் கிளப்புக்காரன் ஏன் ஒரு சட்டைகூட அனுப்பாமல் கைக்குட்டையாகவே அனுப்புகிறான்.

பேசிக்கொண்டே திரும்பியவள், அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ரோட்டைப் பார்க்கவில்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள், ஓடுகிற வண்டியில் அவர் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவளே திட்டியிருப்பாள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? என் மூஞ்சியாவது தெரியுதா?"

"தெரியல" என்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நீ பேசு."